பயில்வானும் பயிற்றுநரும்

'பயில்வான்' தமிழ்ச்சொல் போலத் தோன்றும். ஆனால் அது பாரசீகத்தின் 'பஹ்லவான்'. உருது வழியாகத் தென்னாட்டுக்கு வந்தபோது, தமிழ்ச்செவி அதனுள் தனக்குப் பழக்கமான 'பயில்' என்னும் வினையைக் கேட்டுவிட்டது போலும். கேட்டபடியே சொல்லத் தொடங்கினோம். இதைப் பிழையென்று தள்ள வேண்டியதில்லை. வலிமை என்பது பயின்று பெறுவது என்ற நல்ல எண்ணம் அந்த ஒலிமாற்றத்துக்குள் ஒளிந்திருக்கிறது. பயில்தல் என்றால் கற்றல். திரும்பத் திரும்பச் செய்தல். ஒன்றோடு நெருங்கிப் பழகுதல். அதன் பிறவினை பயிற்றுதல். நம் ஊர்களில் பயில்வான்களுக்கு ஒருகாலத்திலும் குறைவிருந்ததில்லை. பயிற்றுநர்களுக்குத்தான் பஞ்சம். அந்தப் பஞ்சம் காக்களூர் போன்றதொரு தொழிற்பேட்டையில் என்ன விளைவை ஏற்படுத்துகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

காலிஸ்தெனிக்ஸ் என்று இளைஞர்கள் இன்று அழைக்கும் பயிற்சி நமக்குப் புதியதன்று. அழகு, வலிமை எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 19-ஆம் நூற்றாண்டின் ஐரோப்பியர் உருவாக்கிய பெயர் அது. தண்டால், பஸ்கி, கம்பியில் தொங்கி ஏறுதல், கயிறு ஏறுதல் ஆகியவை எல்லாம் அதில் அடங்கும். இரும்புக் குண்டுகளைத் தூக்குவதற்குப் பதிலாகத் தன் உடலின் எடையையே சுமையாகக் கொள்வதுதான் இதன் அடிப்படை. ஒரு கம்பியும் கொஞ்சம் தரையும் போதும். ஆகவே ஏழைக்கும் எட்டுகிற பயிற்சி இது.

இலக்கியம் பேசுகிற இடத்தில் தண்டாலுக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். புறநானூற்றின் 80-ஆம் பாட்டை நாம் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். ஆமூர் மல்லனோடு பொருத போரவைக் கோப்பெருநற்கிள்ளியைச் சாத்தந்தையார் பாடியது. மன்னனின் ஒரு கால் எங்கே ஊன்றியது, மற்றொன்று எங்கே தடுத்தது என்பதைப் புலவர் எத்தனை நுட்பமாகக் கவனித்திருக்கிறார்! திருமூலர் தம் மூன்றாம் தந்திரத்தை எட்டுறுப்பு யோகத்துக்கே ஒதுக்கினார். பாரதி 1914-இல் எழுதிய புதிய ஆத்திசூடியில் உடலுறுதிக்கு ஓரடி தந்தார். உடம்பைப் பேணுக என்று சொல்வதில் நம் மரபு கஞ்சத்தனம் காட்டியதில்லை. எப்படிக் கற்பிப்பது என்ற கேள்வியை மட்டும் நாம் வகுப்பறைக்குள் கொண்டுவந்ததில்லை. கற்பிப்பதே தொழிலாக உள்ள நமக்கு அந்தக் கேள்வி உரியதுதான்.

திருவள்ளூர் நகரை ஒட்டிய காக்களூரில் சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. ஆவின் பால்பொருள் ஆலை இருக்கிறது. மாவட்டத்தின் வடகோடியில் கும்மிடிப்பூண்டி சிப்காட் இருக்கிறது. நம்மிடம் படிக்கும் மாணவர்கள் பலரின் தந்தையரும் தமையன்மாரும் இத்தகைய ஆலைகளில் ஷிப்ட் பார்க்கிறவர்கள். மாணவர்களில் சிலரே விடுமுறை நாள்களில் ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்கள். இவர்களிடம் உடற்பயிற்சி பற்றிப் பேசினால் பெரியவர்களிடமிருந்து வரும் முதல் மறுமொழி ஒன்றுதான்: "நாள் முழுக்க உழைக்கிறவனுக்கு எதுக்குப்பா எக்ஸர்சைஸ்?"

நியாயமான கேள்விதான். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களின் நோய்க்குத்தான் உடற்பயிற்சி மருந்து என்பது பொதுவான எண்ணம். ஆனால் ஆய்வுகள் வேறு சொல்கின்றன. கோபன்ஹேகன் மக்கள்தொகை ஆய்வொன்றில் 1,04,046 பேரைச் சுமார் 10 ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2021-இல் ஐரோப்பிய இதயவியல் இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். ஓய்வு நேரத்தில் உடலை அதிகம் இயக்கியவர்களுக்கு மாரடைப்பும் மரணமும் குறைவாக இருந்தன. வேலையில் உடலை அதிகம் இயக்கியவர்களுக்கு அவை கூடுதலாக இருந்தன. புகைத்தல், கல்வி, வருவாய் முதலியவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும் இந்த வேறுபாடு மறையவில்லை. இவ்வகை ஆய்வுகள் காரணத்தை முற்றாக நிறுவிவிடுவதில்லை என்பதை மறக்கலாகாது. ஆயினும் இம்முரணை ஆராய்ந்து வரும் ஹோல்டர்மன் முதலானோர் தரும் விளக்கங்கள் நம் ஊர் அனுபவத்தோடு ஒத்துப்போகின்றன. ஆலை வேலை மணிக்கணக்கில் நீள்கிறது. இதயத்தை வலுப்படுத்தும் அளவுக்கு அதில் வேகம் இல்லை. இரத்த அழுத்தம் ஏறிய நிலையிலேயே நாள் கழிகிறது. இளைப்பாறப் போதிய நேரம் கிடைப்பதில்லை. எப்போது நிறுத்துவது என்பதை உழைப்பவர் தீர்மானிப்பதில்லை.

கடைசியாகச் சொன்னதைச் சற்று நின்று எண்ண வேண்டும். பொதி கட்டும் பெண் எட்டு மணி நேரம் ஒரே பக்கம் திரும்புகிறார். அச்சு இயந்திரத்தில் நிற்பவர் ஒரே தோளை உயர்த்துகிறார். மூட்டை ஏற்றுகிறவர் ஆயிரம் முறை குனிகிறார். குனிவது எப்படி என்று அவருக்கு எவரும் சொல்லித் தந்ததில்லை. உடலின் ஒரு பகுதி தேய்கிறது, மறுபகுதி பயன்படாமல் தளர்கிறது. உழைப்பு உடலைப் பயன்படுத்துகிறது. பயிற்சி உடலைக் கட்டுகிறது. இரண்டும் ஒன்றெனக் கொண்டதால்தான், உடலால் வாழ்கிறவர்களுக்கே உடலைப் பற்றிய கல்வி தேவையில்லை என்று நாம் முடிவுகட்டிவிட்டோம். வளர்ந்தவர்கள் வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும், குறைந்தது இரண்டு நாள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்தது. அந்த இரண்டு நாள் தொழிலாளிக்கும் உரியது.

சரி, பயிற்சி வேண்டும் என்று ஒப்புக்கொண்டால், யார் தருவது? எப்படித் தருவது? இங்கேதான் நம் பழைய கணக்கொன்று குறுக்கே வருகிறது.

நம் பள்ளிகளில் உடற்பயிற்சி 'டிரில்'லாகவே நுழைந்தது. சென்னை மாகாணத்துப் பள்ளிகளில் ஓய்வுபெற்ற படைவீரர்கள் டிரில் மாஸ்டர்களாக அமர்ந்திருந்தனர். அவர்கள் அறிந்தது கட்டளை. மாணவர் அறிய வேண்டியது கீழ்ப்படிதல். இதில் ஒரு வரலாற்று வேடிக்கையும் உண்டு. நம் கர்லாக்கட்டையைக் கண்டு வியந்த ஆங்கிலேயப் படையினர் 19-ஆம் நூற்றாண்டில் அதனை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றனர். அங்கே அது 'இந்தியன் கிளப்' ஆயிற்று. 1904-இலும் 1932-இலும் ஒலிம்பிக் போட்டியில் இடம்பெறும் அளவுக்கு அமெரிக்காவில் அது செல்வாக்குப் பெற்றது. பிறகு அதே கட்டை, மேலைநாட்டு டிரில்லின் உறுப்பாக, எண்ணிக்கைக்கும் விசிலுக்கும் கட்டுப்பட்டதாக நம் பள்ளிகளுக்குத் திரும்பி வந்தது. போனது நம் கூடத்துக் கலை, வந்தது அணிவகுப்பு.

இந்த நிலையை மாற்ற முனைந்தவர் ஹாரி குரோ பக். அமெரிக்கரான இவர் 1919-இல் சென்னைக்கு வந்தார், 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நந்தனத்தில் இன்றும் இயங்கும் அக்கல்லூரி ஆசியாவிலேயே இத்துறையின் முன்னோடி நிறுவனங்களுள் ஒன்று. 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்தியக் குழுவுடன் மேலாளராகச் சென்றவரும் இவரே. 1943-இல் இறக்கும்வரை சென்னையே அவருக்குப் பணியிடமாக இருந்தது. உடற்பயிற்சி கற்பிப்பது படித்த ஆசிரியரின் பணி, அதற்கெனத் தனிக்கல்வி வேண்டும் என்பது அவருடைய அடிப்படை. டிரில்லுக்கு மாறாக விளையாட்டை முன்னிறுத்தினார். இந்நாட்டு விளையாட்டுகளையும் தண்டால், பஸ்கி போன்ற பயிற்சிகளையும் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்தார். அவர் தொடங்கிய கல்லூரியில் படித்து வந்தவர்கள் தென்னாட்டுப் பள்ளிகளில் டிரில் மாஸ்டரின் இடத்துக்கு உடற்கல்வி ஆசிரியராக வந்தார்கள்.

ஆனால் டிரில் மாஸ்டர் முற்றாகப் போய்விடவில்லை. வகுப்புக்குப் பிந்தி வந்தவனைத் தோப்புக்கரணம் போடச் சொல்வதிலும், வீட்டுப்பாடம் எழுதாதவனை மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவதிலும் அவர் நீடித்தார். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் தன் 17-ஆம் பிரிவில் உடல் தண்டனையைத் தடைசெய்தது. அதற்கு முன்பே பல தலைமுறைகளின் மனத்தில் உடற்பயிற்சியும் தண்டனையும் ஒன்றாக இறுகிவிட்டிருந்தன. பிள்ளையார் முன் பக்தியோடு போடும் அதே கரணம் பள்ளியில் அவமானமாயிற்று. தன் உடலைத் தானே வெறுக்கக் கற்றுக்கொடுப்பதற்கு இதைவிட எளிய வழி இல்லை.

இதில் மருத்துவ ஆபத்தும் உண்டு. பழக்கமில்லாதவரை நூற்றுக்கணக்கில் பஸ்கி போட வைத்தால் தொடைத்தசை சிதைந்து, அதிலுள்ள புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கலாம். மருத்துவர்கள் இதை ராப்டோமயோலிசிஸ் என்பர். கடும்பயிற்சிக்குப் பிறகு தாங்க முடியாத வலியும் வீக்கமும் வந்து சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் போனால், அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 'வலித்தால்தான் உடம்பு ஏறும்' என்று சொல்லிக்கொண்டிருக்கும் பயில்வான்களில் எத்தனை பேர் இதைத் தம் மாணவருக்குச் சொல்லியிருப்பார்கள்?

அப்படியானால் நல்ல பயிற்றுநர் என்ன செய்கிறார்? நம் துறையிலிருந்தே ஓர் ஒப்புமை சொல்லலாம். வெண்பா எழுதக் கற்பிக்கும் ஆசிரியர் முதல் நாளே ஈற்றடியைக் கொடுத்து எழுது என்று அதட்டுவதில்லை. எழுத்திலிருந்து அசைக்கும், அசையிலிருந்து சீருக்கும், சீரிலிருந்து தளைக்கும், பிறகு அடிக்கும் தொடைக்கும் மாணவரை அழைத்துச் செல்கிறார். தளை தட்டினால், மாணவரின் அறிவைப் பழிக்காமல் எந்தச் சீரில் தட்டியது என்று பார்க்கிறார். காலிஸ்தெனிக்ஸ் கற்பித்தலும் இதே யாப்பிலக்கண முறைதான்.

தண்டால் எடுக்க வராதவரைத் தரையில் விழவைத்து நகைப்பதில்லை. முதலில் சுவரில் கை ஊன்றச் செய்கிறார். பிறகு மேசையுயரம், பிறகு பெஞ்சு, பிறகே தரை. கை ஊன்றும் இடம் தாழத் தாழ, கைகள் தாங்கும் எடை கூடுகிறது. உடல் அதே உடல்தான், சாய்வு மட்டுமே மாறுகிறது. தரையில் எளிதாக வந்துவிட்டவர்க்குக் கைகளை நெருக்கி வைக்கும் முறை உண்டு. ஒரு கைக்கு எடையை மாற்றும் முறை உண்டு. ஐம்பது வயதுக்காரரும் இருபது வயதுக்காரரும் ஒரே வகுப்பில், ஒரே பாடத்தின் வெவ்வேறு படிகளில் நிற்கலாம்.

கம்பியில் ஏறுவதும் அப்படியே. வெறுமனே தொங்குவது முதற்படி. தொங்கியபடி முழங்கையை மடக்காமல் தோள்பட்டைகளைக் கீழே இறக்குவது இரண்டாம் படி. இடுப்புயரக் கம்பியின் கீழே சாய்ந்து நெஞ்சைக் கம்பியிடம் இழுப்பது மூன்றாம் படி. அதன்பின் ஸ்டூலில் ஏறி, மோவாயைக் கம்பிக்கு மேலே வைத்து, மிக மெதுவாக இறங்குவது. ஏற்றுவதைவிட இறக்கும்போது தசை கூடுதல் சுமையைத் தாங்கும். ஆகவே ஏற முடியாதவரும் இறங்கப் பயிலலாம். இறங்கிப் பழகியவர் ஒருநாள் ஏறிவிடுகிறார். அந்த நாளில் அவருக்கு உண்டாகும் வியப்பு, முதல் வெண்பாவைப் பிழையின்றி முடித்த மாணவரின் முகத்தில் நாம் கண்ட அதே வியப்பு.

இப்படிக் கற்பிப்பவரிடம் மூன்று இயல்புகளைக் காணலாம். அவர் எண்ணிக்கையைவிட வடிவத்தைப் பார்க்கிறார். வடிவம் குலைந்தபின் செய்யும் பத்துத் தண்டாலை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. நிறுத்தச் சொல்லித் தருகிறார். ஓய்வையும் பாடத்தின் பகுதியாக்குகிறார். காரணம் சொல்கிறார், 'ஏன்' என்று கேட்கிற மாணவரை எதிர்த்துப் பேசுகிறவராக எண்ணுவதில்லை. ஆலையில் கட்டளைக்கும் இலக்கு எண்ணிக்கைக்கும் பழகிப்போன ஓர் இளைஞருக்கு இம்மூன்றும் புதிய அனுபவம். தன் உடல் எப்போது நிற்க வேண்டும் என்பதைத் தானே தீர்மானிக்கிற ஒரு மணி நேரம் அது.

அவசரத்தின் விலையை இங்கே குறிப்பிட வேண்டும். சீருடைப் பணியாளர் தேர்வின் உடற்திறன் போட்டிகளில் ஆண்களுக்குக் கயிறு ஏறுதல் இடம்பெறுகிறது. திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் காவலர் பணியையே கனவாகக் கொண்ட இளைஞர்கள் எத்தனையோ பேர். எழுத்துத் தேர்வு முடிவு வந்தபின் எஞ்சிய சில வாரங்களில் எல்லாவற்றையும் உடலில் ஏற்றிவிடப் பார்க்கிறார்கள். தசை சில வாரங்களில் வலுப்பெறத் தொடங்கும். தசைநாண் அதைவிட மெதுவாகவே வலுப்பெறும். தசையின் துணிவை நம்பித் தசைநாணைச் சோதிப்பவர்க்கு முழங்கையும் தோளும் பழுதாகின்றன. ஆறு மாதம் முன்பே ஒரு பயிற்றுநர் கிடைத்திருந்தால், தேர்வு நாளில் கயிற்றைக் கண்டு அஞ்ச வேண்டியிராது.

பயிற்றுநர் இல்லாத இடத்தைக் காட்சி நிரப்புகிறது. பெங்களூரின் கே.வி. ஐயர் 1930-களில் தம் கட்டுடலின் புகைப்படங்களோடும் விளக்கப்படங்களோடும் அஞ்சல்வழிப் பாடம் நடத்திப் புகழ்பெற்றார். அவரிடம் உடற்பயிற்சிக் கூடமும் இருந்தது. நேரில் வந்து கற்ற மாணவரும் இருந்தனர். இன்று கைப்பேசியில் முப்பது விநாடி ஓடும் காட்சியில் ஒருவர் கம்பிக்கு மேல் பறந்து ஏறுகிறார். அவர் சுவரில் கை ஊன்றிய நாள்கள் அதில் இல்லை. பார்க்கும் இளைஞர் இறுதிப்படியை முதற்படியாக எடுத்துக்கொள்கிறார். பயில்வானைப் பார்க்கலாம், வியக்கலாம். முழங்கை எங்கே விலகுகிறது என்பதை அவர் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு எதிரே நிற்கிற ஒருவர் வேண்டும்.

பெண்களைப் பற்றி ஒரு சொல். கம்பியும் தண்டாலும் இளைஞர்களின் வீரவிளையாட்டு என்று இன்று எண்ணப்படுகிறது. ஆனால் காலிஸ்தெனிக்ஸ் என்ற பெயர் மேலைநாட்டில் பரவிய காலத்தில் அது பெரிதும் பெண்களுக்கெனப் பரிந்துரைக்கப்பட்டது. அமெரிக்கக் கல்வியாளர் காதரின் பீச்சர், பள்ளிகளுக்கும் குடும்பங்களுக்கும் என 1856-இலேயே இதுபற்றி நூல் எழுதினார். காக்களூர் ஆலைகளில் நாள் முழுதும் நின்று வேலை செய்து, வீடு திரும்பி மறுபடியும் நிற்கும் பெண்களுக்கே முதுகையும் இடுப்பையும் வலுப்படுத்தும் கல்வி முதலில் தேவை. ஆண்கள் சூழ்ந்த திடலின் கம்பியில் போய்த் தொங்குங்கள் என்று அவர்களுக்குச் சொல்வது கேலியாகும். அவர்களுக்குத் தனி இடமும் நேரமும், முடிந்தால் பெண் பயிற்றுநரும் வேண்டும்.

பூங்காக்களில் கருவிகளை நிறுவுவதில் நம் அரசுகள் ஆர்வம் காட்டியே வந்திருக்கின்றன. 2016-இல் ஊராட்சிகளுக்கென அறிவிக்கப்பட்ட அம்மா பூங்கா, அம்மா உடற்பயிற்சிக்கூடத் திட்டம் நினைவிருக்கலாம். கருவியை வாங்கித் திறப்புவிழா நடத்திவிடலாம்; ஆசிரியருக்கோ மாதந்தோறும் சம்பளம் தர வேண்டும். அதனால் கருவி வருகிறது, ஆசிரியர் வருவதில்லை. நூலகம் கட்டி நூலகரை நியமிக்காமல் விடுவதைப் போன்றது இது. துருப்பிடிப்பதற்குக் கம்பியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

நேரமும் ஒரு தடைதான். 12 மணி நேர வேலைக்கு வழிவகுக்கும் சட்டத்திருத்தத்தைத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2023 ஏப்ரலில் நிறைவேற்றியது. எதிர்ப்பு வலுத்ததும் அரசு அதனைத் திரும்பப் பெற்றது. வேலை நேரத்தைப் பற்றிய வாதம் உடலைப் பற்றிய வாதமும் ஆகும். 12 மணி நேரம் உழைத்து வந்தவரிடம் பயிற்சி செய் என்பவர் டிரில் மாஸ்டரின் வழித்தோன்றலே. முதலில் ஓய்வு, பிறகு உணவு, அதன்பின்தான் தண்டால். இந்த வரிசையை அறியாதவர் எவ்வளவு திறமைசாலியாயினும் தொழிலாளருக்குப் பயிற்றுநராக முடியாது.

ஆகவே நாம் கேட்பது பெரிதன்று. தொழிற்பேட்டையை ஒட்டி ஒரு திடல், நிழலுக்குச் சில மரங்கள், வெவ்வேறு உயரத்தில் மூன்று கம்பிகள். எல்லாவற்றுக்கும் மேலாக, முறையாகக் கற்ற ஒரு பயிற்றுநர். ஷிப்ட் முடியும் நேரங்களை ஒட்டி அவருடைய வகுப்பு. ஆலை நிர்வாகங்கள் கூடி இந்தச் செலவைப் பகிரலாம். உடற்கல்வி படித்துவிட்டு வேலையின்றி நிற்கும் நம் மாவட்டப் பட்டதாரிகளுக்கு இதில் இடமுண்டு. கல்லூரிகளும் தம் மைதானத்தின் கதவை மாலையில் ஊருக்குத் திறக்கலாம். நம்மைப் போன்ற ஆசிரியர்கள் அதற்காக நிர்வாகத்திடம் வாதாடலாம்.

வருகிற பயிற்றுநரிடம் எவ்வளவு பெரிய புயம் இருக்கிறது என்று யாரும் பார்க்க வேண்டாம். முதல் நாள் வந்து நிற்கிற, ஒரு தண்டாலும் எடுக்க இயலாத நாற்பது வயது மூட்டைத் தொழிலாளியை அவர் எந்தச் சுவரின் அருகே அழைத்துச் செல்கிறார் என்று பார்த்தால் போதும்.